சட்டையில் ஒட்டும், உடம்பில் ஒட்டாது

மஞ்சளைப் பற்றி ஒரு குடும்ப ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவுகிறோம். தாலிக்கயிற்றில் பூசுகிறோம். பொங்கல் பானையின் கழுத்தில் இலையும் கிழங்குமாகக் கொத்தோடு கட்டுகிறோம். அப்பேர்ப்பட்ட மங்கலப் பெருமகனுக்கு வாரிசு யோகம் கிடையாது. செடி பூக்கும், அழகாகவே பூக்கும். விதைதான் வைக்காது. குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இல்லாமல் மூன்று மூன்றாக அமைந்துவிட்ட தலையெழுத்து. ‘பதினாறும் பெற்று’ என்று வாழ்த்தி மணமக்கள் தலையில் எதைப் போடுகிறோம்? மஞ்சள் தடவிய அட்சதையை!

விதையில்லாத செடி தானாக ஊர் விட்டு ஊர் போகாது. காற்று தூக்கிப் போகாது, குருவியும் தின்றுவிட்டுப் போய் எங்கேயும் எச்சம் போடாது. யாராவது கிழங்கை உடைத்து, மூட்டை கட்டி, சுமந்து போய் நட வேண்டும். உலகத்தில் எங்கெல்லாம் மஞ்சள் முளைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் முன்னாடியே ஒரு மனிதர் மூட்டையோடு போய் இறங்கியிருக்கிறார். சுயமாக ஓர் அடி எடுத்து வைக்காமல் உலகப் புகழ் பெற்றவர் நம் நாயகர். (அரசியலில் இது சகஜம். தாவரங்களில் கொஞ்சம் அபூர்வம்.)

இவர் எவ்வளவு பழைய ஆள் என்பதைக் கண்டுபிடித்த கதை இன்னும் அழகு. ஹரியானாவில் ஃபர்மானா என்று ஓர் ஊர், சிந்து சமவெளிக் காலத்துக் குடியிருப்பு. அங்கே கிடைத்த சமையல் பாத்திரத்திலும் மனிதப் பற்களிலும் மஞ்சளும் இஞ்சியும் விட்டுப்போன மாவுத் துகள்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். வயது 4,000 வருஷத்துக்கு மேல். இஸ்ரேலில் மெகிதோ என்ற இடத்தில் 3,500 வருஷப் பழைய பல் காரையிலும் மஞ்சளின் தடயம் அகப்பட்டது. அன்றைக்கு அந்த மனிதர் ஒழுங்காகப் பல் தேய்த்திருந்தால் இன்றைக்கு நமக்கு இந்த வரலாறே கிடையாது. கிருமிநாசினியின் புராதனப் பெருமைக்கு ஆதாரம், சுத்தம் செய்யாத வாய்!

சரி, ஆயுர்வேதத்துக்கு வருவோம். ‘ஐயாயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் கொண்டாடிய அற்புத மூலிகை’ என்று மஞ்சள் மாத்திரை பாட்டிலின் லேபிள் சொல்கிறது. சரக சம்ஹிதையைத் திறந்தால் மஞ்சள் இருக்கிறது, மறுக்கவில்லை. சரகர் மூலிகைகளைப் பத்துப் பத்தாக ஐம்பது குழுக்களாகப் பிரிக்கிறார். சதையைக் கரைக்கும் குழுவில் மஞ்சள் உண்டு. தோல்நோய்க் குழுவில் உண்டு. விஷமுறிவுக் குழுவிலும் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் பத்தில் ஒன்றாக! நெல்லிக்காயோடு ஜோடி சேர்வது போன்ற சில நல்ல வேடங்களைத் தவிர்த்தால், பெரும்பாலும் கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போகும் குணச்சித்திர நடிகர். அவரைத் தனி ஹீரோவாக்கி, முழுநீள கட்அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்தது சரகர் இல்லை. நாம்தான்.

இன்றைக்கு அதே மஞ்சள் கேப்ஸ்யூலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. லேபிளைப் படித்துப் பாருங்கள். மூட்டைக் காக்கும், ஈரலைக் காக்கும், இதயம், மூளை, சருமம், மூட், ஞாபகசக்தி... வீட்டு வாடகை ஒன்றைத்தான் அது கட்டுவதில்லை.

‘எல்லாம் இந்தக் கார்ப்பரேட் கம்பெனிகளின் வேலை’ என்று பல்லைக் கடிக்காதீர்கள். இந்த விளம்பர பாஷைக்கு வயது இருநூறுக்கு மேல். 1784-இல் லண்டன் பிக்காடிலியில் சோர்லி என்பவரின் வாசனைத் திரவியக் கடை பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தது. விற்கும் பொருள் கறி பவுடர், அதாவது மஞ்சளும் அதன் சகாக்களும். வயிறு சுறுசுறுப்பாகச் செரிக்கும், ரத்தம் தங்குதடையின்றி ஓடும், மனம் தெம்பாகும் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு போடு போட்டார்கள்: மனித இனம் பெருகுவதற்கு இதைப் போல உதவும் உணவு வேறில்லையாம்! சென்ட் கடையில் குழம்புப் பொடி வாங்கப் போன லண்டன் துரைக்கு, தான் வாங்குவது சிட்டுக்குருவி லேகியம் என்று யாரோ காதில் ஓதிய மாதிரி. அதுவும் யார் பெயரைச் சொல்லி? விதையே வைக்காத ஒரு செடியின் பெயரைச் சொல்லி.

அதற்கும் ஐந்நூறு வருஷம் முன்னால் போனால் மார்க்கோ போலோ நிற்கிறார். மனிதர் சீனாவில், இன்றைய ஃபூஜியன் பக்கம் மஞ்சளைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதியதன் சாரம்: இது குங்குமப்பூ இல்லை, ஆனால் குங்குமப்பூ செய்யும் வேலையை எல்லாம் செய்கிறது. ஐரோப்பாவில் குங்குமப்பூ என்றால் உயிர் போகிற விலை. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் அதில் கலப்படம் செய்தவரை 1444-இல் சரக்கோடு சேர்த்துத் தீயில் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர் கண்ணுக்கு மஞ்சள் ‘ஏழைகளின் குங்குமப்பூ’வாகத்தான் தெரியும். எவ்வளவு பழைய ஆளாக இருந்தாலும் டூப் என்று முத்திரை குத்துவது மேலைநாட்டு மரபு. இதே போலோ நம் பாண்டிய நாட்டுக் கரைக்கும் வந்தவர்தான். முத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், ராஜா அதிகம் துணி உடுத்தாததையும் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். டூரிஸ்ட் என்றைக்கு நம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான்?

விஞ்ஞானிகள் எட்டிப் பார்த்தார்கள். 1815-இல் வோகல், பெல்லெடியே என்ற இரண்டு வேதியியலாளர்கள் மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்து கர்குமின் என்று பேர் வைத்தார்கள். அப்போது யாரும் அதை மருந்து என்று தூக்கிக் கொண்டாடவில்லை. சாயம், அவ்வளவுதான். மைக்கேல் ஃபாரடே காலத்துச் சோதனைக்கூடங்களில் மஞ்சளில் தோய்த்த காகிதம் லிட்மஸ் காகிதத்துக்குப் பங்காளியாக இருந்தது. காரப்பொருள் பட்டால் சிவக்கும். ‘ஆஹா!’ என்று அங்கே குறிப்பு எழுதினார்கள். இங்கே நம் அத்தைமார்கள் தட்டில் மஞ்சள் தண்ணீரைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டு, சிவந்ததும் வாசலில் நின்று ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதே வேதியியல். உடனே ‘பார்த்தீர்களா, நம் அத்தைகள் அன்றே விஞ்ஞானிகள்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அத்தை சோதித்தது காரத்தன்மையை அல்ல. மாப்பிள்ளை தட்டில் எவ்வளவு பணம் போடுகிறார் என்பதை.

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியவர்களுக்கும் இந்தச் சோதனை தெரியும். மஞ்சளாக இருந்த கறையில் சோப்பைப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும், நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும். சோப்பும் காரம்தான். அலசினால் மறுபடி மஞ்சள். தேய்த்தாலும் போகாது, ஊறவைத்தாலும் போகாது. கொண்டுபோய் வெயிலில் போட்டால் சத்தமில்லாமல் வெளுத்துவிடும். துணியிடம் சிங்கம், சூரியனிடம் பூனை. இந்த ‘ஒட்டும் குணத்தை’ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

நடுவே ஒரு கிளைக்கதை. மஞ்சள் மருந்தா, மேக்கப்பா என்று நம் நாட்டில் ஒரு மாபெரும் தத்துவ விசாரணை நடந்தது. நடத்தியது சங்கர மடம் அல்ல, கலால் துறை. விக்கோ டர்மரிக் க்ரீமை அழகுசாதனம் என்றால் வரி அதிகம், ஆயுர்வேத மருந்து என்றால் குறைவு. 1970-களில் கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 2000-களில் ‘மருந்தே’ என்று முடிந்தது. தூர்தர்ஷன் காலத்தில் அந்த க்ரீமின் விளம்பரப் பாட்டு, தான் காஸ்மெடிக் இல்லை என்று அடித்துச் சொல்லுமே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணப் பொண்ணுக்கு மஞ்சள் பூசுகிற காட்சியைப் பார்த்து நாம் சொக்கிப்போயிருந்தோம். பாட்டிலேயே வரி விவகாரத்துக்கும் பதில் இருந்திருக்கிறது!

இப்போது மெயின் பிக்சர். 1995 மார்ச். அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் ஒரு பேடன்ட் வாங்குகிறது. எண் 5,401,504. கண்டுபிடிப்பு என்ன? காயத்தை ஆற்ற மஞ்சள்பொடியைக் கொடுப்பது. மேலே தூவலாம், வாய் வழியாகவும் கொடுக்கலாம். படித்தவுடன் ரத்தம் கொதிக்கிறதல்லவா? ‘வெள்ளைக்காரன் மறுபடியும் திருடிட்டான்யா!’ கொஞ்சம் பொறுங்கள். பேடன்டில் கண்டுபிடிப்பாளர்களாகக் கையெழுத்திட்ட இரண்டு பேரும் நம்மவர்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள். முழங்கால் சிராய்ப்புக்கு அவர்கள் வீட்டிலும் யாரோ ஒரு பாட்டி இதையே அப்பியிருக்கத்தான் வேண்டும். பாட்டிக்கு ராயல்டி பற்றி எந்தத் தகவலும் இல்லை.

நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் தலைவராக இருந்த மஷேல்கர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். 1996-இல் மறுபரிசீலனை மனு போனது. ‘ஐயா, இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்’ என்றால் போதாதா? போதாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அந்நிய தேசத்தில் கோடிப் பேர் தினமும் ஒன்றைச் செய்தாலும் கணக்கில் வராது. அச்சில் வந்திருக்க வேண்டும். நூறு கோடி பாட்டிகள் சாட்சிக்கு வந்து நின்றாலும், ‘பப்ளிகேஷன் இருக்கிறதா அம்மா?’ என்றுதான் கேட்பார்கள்.

தேடினார்கள். சமஸ்கிருதம், உருது, ஹிந்தி நூல்கள் என்று 32 ஆதாரங்கள் திரண்டன. நெற்றியடியாக இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வெளியான ஒரு கட்டுரையும் அதில் இருந்தது. 1997 ஆகஸ்டில், சரியாக நம் சுதந்திரப் பொன்விழா மாதத்தில், அமெரிக்க அலுவலகம் பேடன்டைத் தள்ளுபடி செய்தது. நாடே துள்ளிக் குதித்தது. மஞ்சளை மீட்டோம்! மானத்தை மீட்டோம்! உண்மையிலேயே பெரிய வெற்றிதான். வளரும் நாடு ஒன்று, பாரம்பரிய அறிவை முன்வைத்து அமெரிக்க பேடன்ட் ஒன்றைச் சாய்த்தது சும்மா இல்லை.

ஆனால் தீர்ப்பு என்ன சொன்னது, நாம் என்ன கேட்டோம் என்பதில்தான் கூத்து இருக்கிறது. தீர்ப்பு சொன்னது ‘இது புதிது இல்லை’ என்று. நம் காதில் விழுந்தது ‘மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டது’ என்று. பேடன்ட் அலுவலகம் யார் முழங்காலையும் பரிசோதிக்கவில்லை, ஒரு பொடியையும் தூவிப் பார்க்கவில்லை. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதை யாராவது பேடன்ட் கேட்டாலும், அதுவும் புதிது இல்லை என்றுதான் தள்ளுபடி ஆகும்.

இந்தச் சூடு பட்ட பிறகு அரசு சுதாரித்தது. 2001-இல் பாரம்பரிய அறிவுக்கு ஒரு டிஜிட்டல் நூலகம் தொடங்கி, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துக் குறிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஏற்றிவைத்தார்கள். நம் சித்தர்கள் பரிபாஷையில் யாருக்கும் புரியக் கூடாது என்று எழுதி வைத்ததை, இப்போது டோக்கியோவில் ஒரு குமாஸ்தா சரிபார்க்கலாம்.

சரி, வேலை செய்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்கிறீர்கள்.

மஞ்சளில் கர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். நல்ல ரகமாக இருந்தால் 5-ஐத் தொடும். அதையும் விழுங்கினால் குடல் உள்ளே விடாது. கொஞ்சம் தப்பித்துப் போனாலும் ஈரல் பிடித்து, அந்நியன் என்று சீட்டு ஒட்டி, வந்த வழியே அனுப்பிவிடும். நம் வெள்ளைச் சட்டையில் உயிரே போனாலும் இறங்காத அந்த மகானுபாவர், உடம்புக்குள் மட்டும் அரைமணி நேரம் தங்க மாட்டேன் என்கிறார். சட்டை செய்த புண்ணியம் ரத்தம் செய்யவில்லை.

1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். 2 கிராம் கர்குமினோடு, மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கர்குமின் சேர்வது 2,000 சதவீதம் எகிறியது. அன்றிலிருந்து உலகத்து சப்ளிமென்ட் பாட்டில்களில் எல்லாம் அந்த 2,000 ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பாட்டிலில் சிறிய எழுத்தில்கூடப் போடாத விஷயம்: மிளகு சேர்க்காதபோது ரத்தத்தில் அது இருந்த அளவு, கருவியே கண்டுபிடிக்கத் திணறும் அளவு. ஒரு ரூபாய் சம்பளக்காரருக்கு 2,000 சதவீதம் இன்க்ரிமென்ட் கொடுத்தால் கையில் 21 ரூபாய் வரும். பார்ட்டி கேட்காதீர்கள்.

வாட்ஸப் சித்தப்பாக்களுக்கு இந்த ஆய்வு அட்சய பாத்திரம். ‘பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்ட நம் பாட்டிக்கு பயோஅவைலபிலிட்டி தெரிந்திருக்கிறது! முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல!’ முட்டாள்கள் அல்ல, சத்தியமாக. பேரனுக்குச் சளி, தொண்டையில் கரகரப்பு, ராத்திரி முழுக்க இருமி யாரையும் தூங்கவிடுவதில்லை. அதனால் மிளகு தட்டிப் போட்டாள். பாட்டியின் ஆராய்ச்சிக் குறிக்கோள் ஒன்றே ஒன்று: வீடு தூங்க வேண்டும்.

ஆய்வுலகம் மட்டும் லேசுப்பட்டதா? கர்குமின் மேல் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் குவிந்தன. அமெரிக்க அரசு இந்த ஆராய்ச்சிக்கு 15 கோடி டாலருக்கு மேல் இறைத்தது. 2017-இல் சில வேதியியலாளர்கள் உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் பார்த்து, மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் குண்டு போட்டார்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டுக் கறாராக நடத்திய ஒன்றில்கூட இது தெளிவாக ஜெயிக்கவில்லை என்றார்கள். அப்படியானால் சோதனைக்குழாயில் பாஸ் பாஸ் என்று வந்ததெல்லாம்? அங்கேதான் இருக்கிறது விஷமம். கர்குமின் ஒளிரும் பொருள், கண்டதோடும் வினை புரியும் பொருள். ஒளியை வைத்து மருந்தின் வேலையை அளக்கும் கருவிகளுக்கு, மருந்து வேலை செய்த மாதிரியே சிக்னல் கொடுத்துவிடும். பிட் அடித்தே யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வாங்கிய மாணவன்!

மாணவன் மட்டுமல்ல, வாத்தியாரும் மாட்டினார். ஹூஸ்டனில் கர்குமின் ஆராய்ச்சியின் பிதாமகராகக் கொண்டாடப்பட்ட விஞ்ஞானி ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் முப்பது, படங்களில் கைவரிசை உள்ளிட்ட காரணங்களால் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. மூட்டுத் தேய்மான வலிக்குச் சில சிறிய சோதனைகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லேபிளில் உள்ள பதினாறு உறுப்புகளில் முழங்கால் மட்டும் கொஞ்சம் தலையாட்டுகிறது.

இதெல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, 2016-இல் கூகுள் தன் உணவு டிரெண்ட் அறிக்கையில் மஞ்சளை உதய நட்சத்திரமாக அறிவித்தது. மூன்றே மாதத்தில் தேடல் 56 சதவீதம் கூடியதாம். மஞ்சள் பால் ‘கோல்டன் லாட்டே’ ஆனது. சின்ன வயசில் மூக்கைப் பிடித்து, தொடையில் கிள்ளி, கதறக் கதற நமக்குப் புகட்டப்பட்ட அதே திரவம். அதை அமெரிக்கர்கள் க்யூவில் நின்று, பேரைச் சொல்லி, காசு கொடுத்துக் குடித்தார்கள். புது ருசி என்று சிலிர்த்தார்கள் பாவம். அவர்கள் ஹாட் டாக் மேல் கோலம் போடுகிற அந்தப் பளிச் மஞ்சள் கடுகு சாஸ் இருக்கிறதே, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக் காலத்திலிருந்தே அதன் பளபளப்புக்குக் காரணம் கடுகு அல்ல, மஞ்சள்தூள். நூறு வருஷமாகத் தின்றுகொண்டே தேடியிருக்கிறார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. அவன் லாட்டே என்றதும்தான் பாட்டியைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு கொரோனா வந்தது. 2020-இல் ஆயுஷ் அமைச்சகம் எதிர்ப்புசக்திக்குப் பரிந்துரைத்தது: 150 மில்லி சூடான பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள். அறிக்கையில் அதற்குப் போட்டிருந்த பெயர் ‘கோல்டன் மில்க்’. அந்தக் கோடையிலேயே அமுல் மஞ்சள் பாலைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. கணக்கு போடுவோமா? அரை ஸ்பூனில் கர்குமின் கிட்டத்தட்ட 45 மில்லிகிராம். அந்த பெங்களூரு சோதனையின் 2 கிராமை எட்ட, ஒரு டம்ளர் பாலில் 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூளைக் கொட்டிக் கிண்ட வேண்டும். அதைப் பால் என்று சொல்ல முடியாது. டிஸ்டெம்பர் என்று சொல்லலாம்.

அதே வருஷம் இலங்கை, அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஊரே எதிர்ப்புசக்திக்கு மஞ்சள் தேடும் நேரத்தில்! யாழ்ப்பாணத்துச் சொதி வெளுத்தது, கிலோ விலை ஆயிரங்களில் ஏறியது. மண்டபம், தூத்துக்குடிக் கரைகளில் போலீஸ் ராத்திரி ரோந்து போய் மடக்கிய மூட்டைகளைப் பிரித்தால், உள்ளே விரலி மஞ்சள். அந்தக் கடலில் காலகாலமாக அங்கிருந்து தங்கம் வரும். இப்போது எதிர்த் திசையில் இங்கிருந்து மஞ்சள் போனது. ஏழைகளின் குங்குமப்பூ என்று பேர் வாங்கியது, கடைசியில் கள்ளக்கடத்தலில் தங்கத்துக்குச் சம்பந்தியாகிவிட்டது.

சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயம்.

முதலாவது, அந்த மிளகு விவகாரம். மிளகுச் சத்து என்ன செய்கிறது தெரியுமா? அந்நியப் பொருளை வெளியேற்றும் ஈரலின் காவலை முடக்குகிறது. வாட்ச்மேனைத் தூங்கவைத்தால் உள்ளே வருவது மஞ்சள் மட்டுமா? நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் எகிறலாம். 2019-இல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட பலருக்கு வரிசையாக ஈரல் அழற்சி வந்து அரசு எச்சரித்தது. அமெரிக்காவிலும் இப்படிப் பதிவுகள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் லேபிளில் முதல் வரியில் இருப்பது ‘ஈரலைக் காக்கும்’.

இரண்டாவது, நிறம். நமக்கு மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டும். ஈரோட்டு வியாபாரி ஏலத்துக்கு முன்னால் ஒரு விரலியை எடுத்துப் பட்டென்று ஒடித்து, உள்நிறத்தைப் பார்ப்பார். மேல்தோலை நம்ப மாட்டார். அவருக்குத் தெரியும், வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் ஏற்றிய தோல் அது. மஞ்சளுக்கே மஞ்சள் பூசித்தான் சந்தைக்கு அனுப்புகிறோம்! நாமோ தோலைப் பார்த்து மயங்குகிற ஜாதி. வங்கதேசத்தில் 1980-களின் வெள்ளத்தில் நனைந்து மங்கிய சரக்கைப் பளிச்சிட வைக்க ஆரம்பித்த வேலை, பழக்கமாகவே நிலைத்துவிட்டது. பூசியது லெட் குரோமேட், பெயின்டில் போடும் ஈய நிறமி. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். 2019-இல் அங்கே சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, அரசு ரெய்டு விட்டு, அபராதம் போட்டு, 2021-க்குள் அதைப் பூஜ்யமாக்கியது. மஞ்சளின் மொத்த வரலாற்றிலும் நிஜமாகவே உடல்நலத்தைக் காப்பாற்றிய சாதனை என்று நான் மார்க் போடுவது இதற்குத்தான். அது எந்த லேபிளிலும் இல்லை.

ஆகவே, மகாஜனங்களே, கேப்ஸ்யூல் எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், அதுவும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். குழம்புக்கு என்றால் பொடி பாக்கெட்டை விட்டுவிட்டு விரலி மஞ்சளாக வாங்குங்கள். ஒன்றிரண்டை ஒடித்து உள்ளே பாருங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, உரலில் நாலு இடி இடித்து உடைத்து, மில்லில் கொடுத்து அரையுங்கள். க்யூவில் மட்டும் மிளகாய் அரைக்க வந்தவருக்குப் பின்னால் நிற்காதீர்கள். முழு வத்தல் குழம்பையும் மூக்கிலேயே குடித்துவிட்டு வர வேண்டியிருக்கும்.